வள்ளி பெட்டியின் நான்கு விநாடி

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்திருந்தது. விமலா குனிந்து அதை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஷங்கர் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினான். வாசலில் போட்ட கூடாரம், நாற்காலிகள், சவப்பெட்டி, வண்டி என எல்லாமே அவன் ஏற்பாடுதான். பகாவ் வட்டாரத்தில் பாதிப் பேரை அவன்தான் அனுப்பிவைத்திருக்கிறான்.

"அக்கா, நாலு மணிக்கு எடுக்கணும். கொள்ளி யாருன்னு சொல்லிட்டீங்கன்னா முடி எடுக்கறவர ரெடி பண்ணிடுவேன். மனுஷன் அப்பவே வந்து உக்காந்திருக்காரு."

"சித்தப்பா வைப்பாரு."

"மகன் வெளியில இருக்காரேக்கா."

"இருக்கட்டும். சித்தப்பான்னு சொன்னேன்ல?"

ஷங்கர் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். பிணம் எடுக்கிற வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவனுக்குக் காலையிலேயே தெரிந்துபோகும்.

வசந்தன் கூடாரத்துக்கு வெளியே கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாதி வெயில் அவன் மேல் விழுந்தது. காலையில் யாரோ பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த கோப்பி கட்டு அவிழாமலே நாற்காலிக் கையில் தொங்கியது. தம்பியை அப்படிப் பார்க்க விமலாவுக்குப் பாவமாக இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. அப்பா நேற்று மத்தியானம் வேலை மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். டாக்டர் இருதயம் என்றார். விமலாவைக் கேட்டால் வசந்தன் என்பாள்.

அப்பா அர்ச்சுனன், தோட்டத்து ரப்பர் ஆலையில் வயர்மேனாக இருந்தவர். தோட்டம் கைமாறி, பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, ஆலையையும் மூடியபிறகு, இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்து முன்கூடத்தில் மேசையைப் போட்டுப் பாட்டுப்பெட்டி செய்ய ஆரம்பித்தார். கைக்கு அடக்கமான பெட்டி. ஒரு ஸ்பீக்கர், சத்தம் கூட்ட ஒரு சக்கரம், கண் மங்கினவர்களும் தடவிக் கண்டுபிடிக்கிற மாதிரி இரண்டு பெரிய பொத்தான்கள். உள்ளே நானூறு பாட்டு. பின்பக்கத்துத் திருகாணியை இருபது காசு நாணயத்தால் திறந்துவிடலாம். "வாங்குனவன் தொறந்து பாக்க முடியலன்னா அது அவன் சாமானா?" என்பார். பெட்டிக்குப் பெண்டாட்டி வள்ளிநாயகியின் பேரையே வைத்தார். வெளிப்பெட்டியின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'வள்ளி' என்றிருக்கும். அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கப்படுவாள். பிறகு முந்தானையால் துடைத்துவைப்பாள்.

செம்பனைப் பழக்குலை ஏற்றுகிற லோரிகளில் வள்ளி பாடியது. கோயில் மடப்பள்ளியில் பாடியது. தோட்டத்து வீடுகளில் தனியாகக் கிடந்த கிழவிகளின் தலைமாட்டில் பாடியது. மாதம் நாற்பது பெட்டி போனது. அந்தச் சமயத்தில்தான் கானமணி வந்தது. கோலாலம்பூர்க் கம்பனி. வள்ளியின் பாதி விலைக்கு ஐயாயிரம் பாட்டு, கலர் கலராக விளக்கு. எந்தப் பேரங்காடிக்குள் நுழைந்தாலும் அது ஒரு மலை போல் குவிந்து கிடந்தது. பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு மணியோசை, பிறகு தேனாகக் குழைகிற ஒரு பெண் குரல்: "வணக்கம்! கானமணி உங்களை அன்புடன் வரவேற்கிறது!" நான்கே வருஷத்தில் வள்ளி மாதம் பத்துக்கு வந்து நின்றது.

அதைக்கூட அப்பா தாங்கிக்கொண்டார். பகாவில் கைப்பேசிக் கடை வைத்திருந்த வசந்தன், கானமணிக்கு வட்டார ஏஜென்ட் ஆனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் கோயில் திருவிழாவில், அன்னதான வரிசையில் தட்டோடு நின்றுகொண்டு, ஊரே கேட்கச் சொன்னார். "நான் செத்தாலும் நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது." வசந்தன் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசியதில்லை. விமலாவும் பேசவில்லை. கல்யாணமாகி ரஹாங்கில் இருந்தாலும் அவள் அப்பா கட்சி. செனவாங் தொழிற்சாலையில் மின்சாதனப் போர்டு சோதிக்கிற இருபது பெண்களுக்கு மேற்பார்வையாளர். அந்த வேலை கைவந்ததே சின்ன வயதில் அப்பாவின் மேசையில் ஈயம் உருக்கிப் பழகியதால்தான்.

கானமணி எவ்வளவு நெருக்கியும் அப்பா வளைந்து கொடுக்கவில்லை என்பதில் அவளுக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன், இனி எங்கே செய்யப்போகிறார் என்று எல்லாரும் கைகழுவிய நேரத்தில், அவர் புது வள்ளியைக் கொண்டுவந்தார். அதன் விசேஷமே அந்த நான்கு விநாடிதான். பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் நான்கு விநாடி ஒன்றுமே இருக்காது. பிறகு பாட்டு. ஏன் என்று கேட்டால், "பாடறவன் மூச்சு வாங்கிக்க வேணாமா? கேக்கறவனும் கொஞ்சம் அடங்கணும்லா" என்பார். தோட்டத்துப் பெண்கள் அந்த நான்கு விநாடியைக் கும்பிடுவதற்கு வைத்துக்கொண்டார்கள். டிக் என்றதும் கை கூப்புவார்கள், பாட்டு வந்ததும் இறக்குவார்கள். கோயிலில்கூட அதுவே வழக்கமாகிப் போனது. காசைக் கொட்டி விளம்பரம் செய்கிற கானமணிக்கு இப்படி ஒன்று தோன்றுமா என்று விமலா தொழிற்சாலையில் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறாள்.

இப்போதும் அப்பாவின் தலைமாட்டில் முக்காலி மேல் ஒரு வள்ளி பதிகம் பாடிக்கொண்டிருந்தது. நேற்று மாலையிலிருந்து விடாமல் பாடுகிறது. ஒரு மணி வாக்கில் அது நின்றுபோனது.

நடுவரியில் நின்றது. கூடத்தில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாட்டு இருந்தவரை தெரியாத மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. விமலா பொத்தானை அணைத்துப் போட்டாள். டிக். கைகள் பழக்கத்தில் கூப்பின. நான்கு விநாடி போனது, பத்து விநாடியும் போனது. கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"வண்டியில ஒரு கானமணி கெடக்குக்கா. எடுத்தாரட்டா?" என்றான் ஷங்கர். பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டான்.

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா திரும்பினாள். "அத இந்த வீட்டுக்குள்ள கொண்டாந்தே, நானும் இவரு பக்கத்துல படுத்துக்குவேன். ரெண்டு பேரையும் சேத்து எடுத்துட்டுப் போ."

ஷங்கர் இரண்டடி பின்னால் போனான்.

சந்திரன் அண்ணன் எழுந்து வந்தார். பழக்குலை லோரி ஓட்டுகிறவர், அப்பாவின் பழைய கூட்டாளி. வாரத்துக்கு ஒருமுறை பகாவிலிருந்து சாமான் கொண்டுவந்து இறக்குவதும், செய்த பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவதும் அவர்தான். "நான் தோட்டத்துக்குப் போயி யார் வீட்டுலயாவது ஒரு வள்ளி வாங்கிட்டு வரேன்மா. போயிட்டு வர ஒரு மணி நேரம் ஆவும்."

"வேணாம்ணே. நானே தொறந்து பாக்கறேன்."

"நீ எதுக்கும்மா…" என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எதையோ சொல்ல வந்து விழுங்கியது போல் இருந்தது. விமலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முன்கூடத்து வேலை மேசையையும் சாமான்களையும் நேற்றே பின்னால் அடுப்படிக்குப் பக்கத்து அறைக்கு மாற்றியிருந்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, இருபது காசைத் தேடியெடுத்துத் திருகாணியைத் திறந்தாள்.

பார்த்ததும் முதலில் வேறு பெட்டியைத் திறந்துவிட்டோமோ என்றுதான் நினைத்தாள். மூடியைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் வள்ளிதான். உள்ளே இருந்தது அப்பாவின் பச்சைப் போர்டு இல்லை. நீலப் போர்டு. ஓரத்தில் அச்சடித்திருந்த கம்பனிப் பேரைப் பிளேடால் சுரண்டியிருந்தார்கள். ஆனாலும் போர்டுகளையே பார்த்துப் பிழைக்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? இதே நீலப் போர்டைக் கானமணிக்குள் ஒருமுறை திறந்து பார்த்து, மட்டமான வேலை என்று அப்பாவிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவர் பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

போர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மட்டும் அப்பாவின் கைவேலை இருந்தது. ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தைத் திறந்து மூடுகிற நகத்தளவு ஒரு ரிலே, இரண்டு சின்ன உருப்படிகள். அங்கேதான் ஒரு வயர் ஈயம் விட்டுப்போய்த் தொங்கியது. அதை இங்கே எதற்கு வைத்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. அதை விட்டுவிட்டு, ஸ்பீக்கர் வயரை நேராகப் போர்டில் தொட்டுப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள்.

மணியோசை கேட்டது. "வணக்கம்! கானமணி உங்…"

விமலா வயரைப் பிய்த்துவிட்டாள். கூடத்தில் யாருக்காவது கேட்டிருக்குமா? காதைக் கதவில் வைத்தாள். அம்மாவின் விசும்பல் மட்டும்தான் வந்தது.

ஐயோ அப்பா! மூச்சு வாங்குவதும் இல்லை, அடங்குவதும் இல்லை. அந்த நான்கு விநாடியில் கானமணிக்காரி பேசிக்கொண்டிருக்கிறாள். அப்பா அவள் வாயைப் பொத்தி வைத்திருக்கிறார். கோயிலில் அத்தனை பேர் கை கூப்பி நின்றது அதற்குத்தான். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தபோது சிரித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? செத்துக் கிடக்கிறவர் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

போர்டைப் பிடுங்கித் திருப்பினாள். முதுகில் வெள்ளைக் காகித டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதில் நீல மையில், இடக்கைக்காரனுக்கே உரிய சாய்ந்த எழுத்து. "சத்தம் விட்டு விட்டு வருது." அதற்குக் கீழே பென்சிலில், அப்பாவின் நறுக்கென்ற எழுத்து. "பாத்தாச்சு."

அந்தச் சாய்ந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதற்காக வாத்தியாரிடம் அடி வாங்கிய தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலக்கையால் எழுதச் சொல்லித் தோற்றுப்போனவளே அவள்தான்.

மேசையின் கீழ் பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. திறந்தாள். நீலப் போர்டுகள் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் டேப். சார்ஜ் ஏறல. தண்ணியில விழுந்தது. பொத்தான் அமுங்கிப் போச்சு. சிலவற்றின் கீழே பென்சிலில் பாத்தாச்சு, பாத்தாச்சு. சில இன்னும் பார்க்கப்படாமல் இருந்தன. ஒன்றில் மட்டும் இரண்டு வரி. "பேட்டரி ஊதியிருந்தது. இதுவும் சூடாவுது. கவனம்." கீழே அப்பா எழுதியிருந்தார். "பாத்தாச்சு. கை சுடல."

விமலா அந்தப் போர்டை வைத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முகத்தைக் கழுவிவிட்டுப் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய்த் தம்பியைக் கூப்பிட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை, "இங்க வா" என்பதுதான்.

அவன் அடுப்படிப் பின்கதவு வரை வந்து நின்றுவிட்டான். "அப்பா மிதிக்காதன்னாருக்கா."

"வாசப்படியத்தான் சொன்னாரு. இது குசினி. வா உள்ள."

வந்தவன் மேசையில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம்."

"அவரு கேட்டாரா?"

"அவரா கேப்பாரு?" வசந்தன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "போர்டுக்குச் சிப்பு குடுக்கற கடைக்காரன் ஆயிரம் உருப்படிக்குக் கொறஞ்சி தரமாட்டேன்னுட்டானாம். உங்கப்பா ஒரு வாரமா வெறும் மேசையில உக்காந்திருக்காருன்னு சந்திரண்ணன் வந்து சொன்னாரு. கடையில ரிப்பேர்னு திரும்பி வர்ற பெட்டியெல்லாம் ஒடச்சிப் போட்டுப் படம் புடிச்சி அனுப்பணும், அதான் கம்பனி ரூல். நான் வெளிப்பெட்டிய மட்டும் ஒடச்சேன். போர்ட டின்னுல போட்டு லோரியில குடுத்து விட்டேன். தூக்கி எறிஞ்சிடுவாருன்னுதான் நெனச்சேன்."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் டின்னு காலியா வந்துச்சு. கழுவித் தொடச்சி."

விமலா மேசைக்குக் கீழிருந்த டின்னைப் பார்த்தாள்.

"நாலு செகண்டு அவரே பண்ணதுதான்" என்றான். "கானமணின்னு கேக்கக் கூடாதுல்ல. முத தடவ கோயில்ல நானும் கேட்டேன். எல்லாரும் கும்புடறாங்க. எனக்கு என்னா பண்றதுன்னே தெரியலக்கா. நானும் கும்புட்டேன்."

"கம்பனிக்குத் தெரிஞ்சா?"

"ஏஜென்சிய புடுங்கிடுவான். போனா போவுது."

"நான் போயி அம்மாகிட்ட சொல்றேன். சித்தப்பாகிட்டயும் சொல்றேன். நீதான் கொள்ளி வைக்கணும்."

வசந்தன் சட்டென்று அவள் கையைப் பிடித்தான். "சொல்லாதக்கா. என்னான்னு சொல்லுவ? அப்பா பெட்டியில இருந்தது கானமணின்னா? வெளிய உக்காந்திருக்கற தோட்டத்துப் பாட்டிங்க எல்லாம் அந்தாளுக்காக லோரி புடிச்சி வந்திருக்குதுங்க. அம்மாவுக்கு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். சித்தப்பாவே வைக்கட்டும். நான் வெளியில நின்னுக்கறேன்."

இதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. காலையிலிருந்து அவள் இவனைத்தான் வெயிலில் உட்காரவைத்திருந்தாள். இவன் அங்கே உட்கார்ந்து அப்பாவின் பேரைக் காவல் காத்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் அப்பாவின் பேர் போகும், சொல்லாவிட்டால் தம்பி போவான். மணி இரண்டாகிவிட்டது.

"ஈயத்தப் புடி" என்றாள்.

"எனக்கு வராதுக்கா. அப்பாவே என்னைய லாயக்கில்லன்னுட்டாரு."

"புடின்னா புடி."

அவள் வயரைப் பிடித்துக்கொள்ள, அவன் இடக்கையில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை எடுத்தான். ஈயம் ஒரு பக்கமாகக் குவிந்தது. "அங்க இல்ல, கீழ. ஊதாத." இரண்டாவது முறை விரலைச் சுட்டுக்கொண்டு உதறினான். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அவள் தொழிற்சாலையில் இப்படி ஒரு போர்டு வந்தால் குப்பைக்குத்தான் போகும். அதைத் திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. டேப்பையும் உரிக்காமல் போர்டை உள்ளே வைத்து, இருபது காசால் திருகி மூடினாள்.

பெட்டியை ஒரு கையிலும் தம்பியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். பேச்சு நின்றது. சித்தப்பா அமிர்தலிங்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்னாம்மா இது?"

"கொள்ளி தம்பிதான் வைப்பான் சித்தப்பா."

"அண்ணன் ஊரறிய சொன்ன வார்த்தை. நீதானே காலையில…"

"காலையில சொன்னேன். இப்ப மாத்திச் சொல்றேன்." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "அப்பா பெட்டி நின்னுபோச்சு. அவன்தான் சரி பண்ணான்."

"ஒரு பெட்டிய ரிப்பேர் பண்ணிட்டா ஆச்சா?"

அவளிடம் இருந்த பதிலைச் சொல்ல முடியாது. வசந்தன் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தான். கதவோரத்தில் நின்ற சந்திரன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மகனின் கையை எட்டிப் பிடித்தாள். சுட்ட விரலைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்த இடத்தை மெதுவாகத் தடவினாள். பிறகு சந்திரன் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

"லோரி வர்ற அன்னிக்கெல்லாம் உங்கப்பா இன்னும் ரெண்டு கரண்டி சோறு கேப்பாரு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று விமலா அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா சித்தப்பா பக்கம் திரும்பினாள். "அமிர்தம், அந்தப் புது வேட்டிய எடுத்துப் புள்ளகிட்ட குடு. நேரமாவுது."

சித்தப்பா போய் வேட்டியை எடுத்துவந்தார்.

வாசல் குழாயடியில் வசந்தனை உட்காரவைத்து நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தார். கூடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. முதல் இழுப்பில் நெற்றி முடி மடியில் விழுந்தது. விமலா பெட்டியை முக்காலியில் வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

டிக்.

கூடத்தில் எல்லாக் கைகளும் கூப்பின. கூடாரத்துக்குள் இருந்த தோட்டத்துப் பெண்களின் கைகளும் கூப்பின. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நாவிதர்கூடக் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. விமலா தம்பியைப் பார்த்தாள். நாளெல்லாம் கடையில் அந்தக் கானமணி வணக்கத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறவன், பாதித் தலை மழித்த நிலையில் குனிந்தபடி இருந்தான். அவன் உதடுகள் மட்டும் அசைந்தன, அந்த நான்கு விநாடிக்குள் அடங்குகிற அளவுக்கு.

பிறகு பாட்டு வந்தது.